கால் முளைக்காத தொட்டி

ஜூன் 3

அண்ணிக்கு,

பால் வண்டிக்காரர் கையில காலி கேனும் இந்தக் கடுதாசியும் குடுத்து அனுப்பறேன். போன்ல சொல்லியிருக்கலாம். ஆனா நீங்க எடுத்தாலே பின்னாடி அண்ணன் தொண்டையைச் செருமற சத்தம் கேக்குது, எனக்கு வந்த பேச்சு உள்ளயே போயிடுது. அவரு என்கிட்ட பேசி ஒரு வருஷம் ஆகப்போகுது. குளத்துத் தண்ணியைப் பத்தி நான் புகார் குடுத்தது குடும்பத்துக்குச் செஞ்ச துரோகம்னு அவரு நினைக்கறாரு. நான் அப்படி நினைக்கல. அதை இப்போ கிளற வேண்டாம்.

விஷயம் இதுதான். அண்ணன் வேலை பாக்கற ஃபேக்டரியில, கப்பல்காரங்க ஆபத்துல கொளுத்திக் காட்டற சிவப்பு வெளிச்சக் குச்சி செய்யறாங்க. அது பிரகாசமா எரியறதுக்கு ஒரு உப்பு சேக்கறாங்க. கல்யாணத்துக்கு முன்னாடி நீங்களே அங்க பேக்கிங்ல இருந்தவங்க, உங்களுக்குத் தெரியாதது இல்ல. பாத்திரம் கழுவற தண்ணியில அந்த உப்பும் சேந்து வெளிய வரும். நிறம் கிடையாது, நாத்தம் கிடையாது. அது தண்ணியில இருந்தா தலைப்பிரட்டை தவளையா மாறாதுன்னு வேற இடத்துல கண்டுபிடிச்சிருக்காங்க. நம்ம குளத்துலயும் அப்படியான்னு பாக்கறதுதான் என் வேலை. ஒரே தவளை போட்ட முட்டையை ரெண்டாப் பிரிச்சு, ஒரு தொட்டியில குளத்துத் தண்ணி, இன்னொண்ணுல நல்ல தண்ணி. வித்தியாசம் வந்தா அது தண்ணியால வந்த வித்தியாசம்.

நல்ல தண்ணிக்கு எங்க போறதுன்னு ஆய்வுக்கூடத்துல எங்க பிரிவுத் தலைவர் கேட்டாரு. இங்க குழாயில குளோரின் அடிக்குது, முட்டை செத்துடும். எங்க வீட்டுக் கிணறு இருக்கே சார்னு சொன்னேன். ஃபேக்டரிக்கு அந்தப் பக்கம் குளம், இந்தப் பக்கம் நம்ம வீடு. மண்ணு ஒண்ணுதான், கழிவு மட்டும் வராது. அவரும் சரின்னுட்டாரு.

குளத்துத் தண்ணியை வண்டிக்காரரே மொண்டு வந்து நம்ம வாசல்ல வச்சுடுவாரு. அதுக்கு நீல டேப். நீங்க மோட்டார் போட்டு கிணத்துத் தண்ணியை வெள்ளை டேப் கேன்ல ரொப்பி வச்சாப் போதும். தூக்காதீங்க. அஞ்சாம் மாசம், ஞாபகம் இருக்கட்டும்.

இப்படிக்கு, நீங்க வச்ச பேருதான்,
தவளைக்காரி

ஜூன் 6

தவளைக்காரிக்கு,

கேனை ரொப்பிட்டேன். கர்ப்பிணிப் பொண்ணுக்கு நாத்தனார் ஆசையா ஏதாவது அனுப்புவான்னு பாத்தா காலி கேன் வருது. உன்னைக் கட்டிக்கப் போறவன் பாவம்.

உன் அண்ணன்கிட்ட மறைக்கல. உன் தங்கச்சி தண்ணி கேக்கறான்னு சொன்னேன். பேப்பர்ல இருந்து தலையை எடுக்காம, "அனுப்பு, நல்லா அனுப்பு. இப்போ குளத்துக்கு ஒரு சொட்டு போறதில்லன்னு அவளுக்கே தெரியட்டும்"னாரு. நிஜந்தான். நீ புகார் குடுத்து அதிகாரிங்க வந்து போனதுக்கு அப்புறம், ஃபேக்டரிக்குப் பின்னாடி பெரிய ஊறுகுழியா வெட்டி, கல்லும் மணலும் போட்டு, கழிவுத் தண்ணி எல்லாத்தையும் அதுக்குள்ள விட்டுட்டாங்க. நின்னு வெட்ட வச்சது உன் அண்ணன்தான். அந்த மழைக் காலம் பூரா சேறும் சகதியுமா வீட்டுக்கு வருவாரு. அவருக்கு அதுல பெருமை. நீ ஒரு வார்த்தை பாராட்டியிருந்தா இந்தச் சண்டை என்னைக்கோ முடிஞ்சிருக்கும்.

கிணறு எப்பவும் போலத்தான். தெருவுல பாதி வீடு நம்ம தண்ணியைத்தான் குடிக்குது. குழாய்த் தண்ணியில டீ போட்டா டீயே இல்லன்னு பக்கத்து வீட்டம்மா குடத்தோட வந்து நிக்கறாங்க. நானும் நாளெல்லாம் அதைத்தான் குடிக்கறேன், டாக்டர் நிறையக் குடிக்கச் சொல்லியிருக்காரு.

குழந்தை உதைக்குது. உன் அண்ணன் கையை வச்சா மட்டும் கம்முனு இருக்கு.

அண்ணி

ஜூலை 9

அண்ணிக்கு,

தண்ணி ஒழுங்கா வந்து சேருது. ரெண்டு தொட்டியிலயும் முட்டை பொரிஞ்சு எல்லாம் நீந்துது. வேகவச்ச கீரையை மசிச்சுப் போடறேன். மத்தவங்க மதியச் சாப்பாட்டுக்குப் போனா நான் தொட்டி கழுவறேன். என் மேல வர்ற வாடையில லிஃப்டுல யாரும் கூட ஏற மாட்டேங்கறாங்க.

நம்ம வீட்டுத் தண்ணியில இருக்கறதுங்க கொழுகொழுன்னு இருக்கு. குளத்துத் தொட்டிக்காரங்களைவிடப் பெரிசு. நீங்க கேட்டா சந்தோஷப்படுவீங்கன்னு எழுதறேன். ஆய்வுக் குறிப்புல 'உடல் அளவு அதிகம்'னு மட்டுந்தான் எழுதியிருக்கேன்.

போன தடவை கேனோட வந்த சீட்டுல கேட்டீங்களே, உப்புக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்னு. தலைப்பிரட்டைக்குக் கழுத்துக்கிட்ட ஒரு சுரப்பி இருக்கு. நம்ம கழுத்துல இருக்கற அதே தைராய்டுதான். அது வேலை செஞ்சாத்தான் கால் முளைக்கும், வால் கரையும், நுரையீரல் தயாராகும். அது வேலை செய்ய அயோடின் வேணும். இந்த உப்பு அயோடின் உள்ள போற வாசல்லயே மறிச்சு நின்னுக்கும். அப்போ அந்தத் தலைப்பிரட்டை சாகாது. சாப்பிடும், பெருக்கும், நீந்தும். தவளையா மட்டும் ஆகாது.

அண்ணன் குழி வெட்டினது நல்ல காரியந்தான். அதை நான் சொன்னேன்னு சொல்லுங்க.

தவளைக்காரி

ஜூலை 13

தவளைக்காரிக்கு,

சொன்னேன். காதுல விழாத மாதிரி இருந்துட்டு, சாப்பிடும்போது "என்ன சொன்னா, திரும்பச் சொல்லு"ன்னாரு. அண்ணன் தங்கச்சி ரெண்டு பேரும் ஒரே அச்சு.

கால் வீங்குது. மத்தபடி நல்லா இருக்கேன். வெள்ளை டேப் தீந்து போச்சு, அனுப்பு.

அண்ணி

ஆகஸ்ட் 18

அண்ணிக்கு,

இதை எப்படி எழுதறதுன்னு யோசிச்சுப் பார்த்தேன், சுத்தி வளைக்க வேண்டாம்னு தோணுச்சு.

குளத்துத் தொட்டியில எல்லாம் தவளையாயிடுச்சு. கட்டைவிரல் நகம் அளவுக்குச் சின்னச் சின்னத் தவளை, மூடியைத் திறந்தா என் கை மேல குதிக்குது. நம்ம வீட்டுத் தண்ணித் தொட்டியில ஒண்ணுகூட மாறல. பின்னங்கால் இருக்கற இடத்துல மொட்டு மாதிரி ஏதோ இருக்கு, அவ்வளவுதான். வாலு அப்படியே இருக்கு. குண்டா சுத்திச் சுத்தி வருது.

கெட்ட தண்ணியில தவளை வருது, நல்ல தண்ணியில வரல. எங்க தலைவர் என் முகத்தைப் பார்த்து, எங்கேயோ டேப் மாறியிருக்கு, ஆய்வைத் தூக்கிப் போட்டுட்டு அடுத்த வருஷம் பாருன்னாரு. எனக்கு அடுத்த வருஷம்னு ஒண்ணு இல்ல. இந்த ஆய்வு முடிஞ்சாத்தான் இங்க என் வேலை நீடிக்கும்.

கேனெல்லாம் காலையில வண்டி வர்ற வரைக்கும் நம்ம வாசல்லதான் இருக்கு. அண்ணன் அதைத் தாண்டித்தான் வர்றாரு, போறாரு. டேப்பை உரிச்சு மாத்தி ஒட்ட ஒரு நிமிஷம் போதும். குளம் சுத்தம்னு ஆயிட்டா அவருக்கு நல்லது. அவரு மாத்தினாரான்னு உங்களைக் கேக்கறேன். உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க. நான் அவரை மாட்டிவிட மாட்டேன், என் வேலையைக் காப்பாத்திக்கணும், அவ்வளவுதான்.

தவளைக்காரி

ஆகஸ்ட் 20

உன் அண்ணன் மாத்தல. வெள்ளை டேப் கேனை ரொப்பினது நான், மூடி போட்டது நான், வண்டி வர்ற வரைக்கும் ஜன்னல்கிட்ட உக்காந்து துணி தைக்கறதும் நான். அப்போ நீ என்னையும் சேத்துத்தான் கேக்கறே.

வயித்தைத் தள்ளிக்கிட்டு வாரம் தவறாம உனக்குத் தண்ணி பிடிச்சதுக்கு நல்ல மரியாதை. உன் கடுதாசியை உன் அண்ணனும் படிச்சாரு. செருப்பை மாட்டிக்கிட்டு வெளிய போயிட்டாரு. அவரு கத்தியிருந்தா எனக்குக் கொஞ்சம் நிம்மதியா இருந்திருக்கும்.

கேனைத் திருப்பி அனுப்பிட்டேன். இனிமே தண்ணி கிடையாது. போனும் பண்ணாதே.

ஆகஸ்ட் 29

அண்ணிக்கு,

நீங்க போனை எடுக்கல. அண்ணனும் எடுக்கல. அதனால வண்டிக்காரர்கிட்ட, நீங்க இதைப் பிரிச்சுப் படிக்கற வரைக்கும் நகரக்கூடாதுன்னு சொல்லி அனுப்பியிருக்கேன். அவரைத் திட்டாதீங்க.

டேப் மாறல. நான் உங்களைச் சந்தேகப்பட்டது அபாண்டம். மன்னிப்பை நேர்ல வந்து கேக்கறேன், அதுக்கு இப்போ நேரமில்ல.

இங்க மிச்சம் இருந்த வெள்ளை டேப் கேன் தண்ணியைச் சோதனைக்குக் குடுத்தேன். ஆரம்பத்துலயே செஞ்சிருக்கணும். எங்க வீட்டுக் கிணறுன்னு சொன்ன உடனே எனக்கும் தோணல, எங்க தலைவருக்கும் தோணல. அந்த உப்பு குளத்துத் தண்ணியில பேருக்குத்தான் இருக்கு. நம்ம கிணத்துல எக்கச்சக்கமா இருக்கு.

குழியில விட்ட தண்ணி அங்கேயே நிக்கல. மண்ணு அந்த உப்பைப் பிடிச்சு வைக்காது, அது தண்ணியோடயே கீழ போய் நம்ம பக்கம் வந்திருக்கு. குளம் ஒரு மழையில கழுவிக்கிச்சு. கிணறு வாங்கி வச்சுக்கிச்சு.

இந்த நிமிஷத்துல இருந்து அதைக் குடிக்காதீங்க, சமைக்காதீங்க. வண்டியில ரொப்பின கேன் வருது, அதை மட்டும் குடிங்க. வாரம் ரெண்டு தடவை அனுப்பறேன். டாக்டர்கிட்ட இந்தக் கடுதாசியையே காட்டி, தைராய்டு பாக்கச் சொல்லுங்க. வயித்துக் குழந்தைக்கு மூளை வளர்றதுக்கு அந்தச் சுரப்பிதான் வேணும். பக்கத்து வீட்டம்மாகிட்டயும் சொல்லுங்க.

எனக்குப் பயமா இருக்கு அண்ணி.

தவளைக்காரி

செப்டம்பர் 3

தவளைக்காரிக்கு,

வண்டிக்காரர் அசையல. பாலு திரிஞ்சா உன் கணக்குலதான்னு சொல்லிட்டு வாசல்லயே உக்காந்துட்டாரு. படிச்சேன்.

மோட்டாருக்குப் பூட்டு போட்டாச்சு. தெருவுல வீடு வீடாச் சொன்னேன். சில பேரு நம்பினாங்க. பக்கத்து வீட்டம்மா, "தண்ணி தர மனசில்லன்னா நேராச் சொல்லு"ன்னுட்டு குடத்தை இடுப்புல வச்சுக்கிட்டுப் போயிட்டாங்க. டாக்டர் ரத்தம் பார்த்தாரு. அளவு ஓரத்துல இருக்கு, பயப்படற மாதிரி இல்ல, பாத்துக்கலாம்னாரு. ஒரு மாத்திரை எழுதிக் குடுத்திருக்காரு.

உன் அண்ணனைப் பத்திக் கேக்கறதுக்கு முன்னாடி நானே எழுதிடறேன். அவருக்கு முதல்ல கோவம். குளத்துல விடாதேன்னு அவதானே புகார் குடுத்தா, அதனாலதானே குழி வெட்டினேன், இப்போ குழியும் கூடாதுன்னா வாயிலயா ஊத்திக்கறதுன்னாரு. அப்புறம், கொதிக்க வச்சாப் போயிடாதான்னு உன்னைக் கேக்கச் சொன்னாரு. அப்புறம் ரொம்ப நேரம் கிணத்துக் கட்டைச்சுவர்மேல உக்காந்திருந்தாரு. சாப்பிடக் கூப்பிட்டேன், வரல.

எனக்கு உன் மேல இருந்த கோவம் போகல. அதை ஒரு ஓரமா வச்சிருக்கேன். குழந்தை பொறந்த பின்னாடி எடுத்துக்கலாம்.

அண்ணி

செப்டம்பர் 7

அண்ணிக்கு,

கொதிக்க வச்சாப் போகாது. தண்ணி ஆவியாகும், உப்பு அங்கேயே இருக்கும், இன்னும் அதிகமாத்தான் ஆகும். அண்ணன்கிட்ட சொல்லுங்க.

அவரு கேட்ட மத்ததுக்கும் பதில் இருக்கு, ஆனா அது எனக்குப் பிடிச்ச பதில் இல்ல. புகார் குடுத்து ஜெயிச்சுட்டேன்னு இருந்தேன். குளத்துல விடாதேன்னு சொன்னேன். அப்புறம் எங்க விடறாங்கன்னு போய்ப் பாக்கல.

ரெண்டு விஷயம். ஒண்ணு, குழந்தை பொறந்த ரெண்டு மூணு நாள்ல குதிகால்ல ஒரு சொட்டு ரத்தம் எடுத்து தைராய்டு பாப்பாங்க. சில ஆஸ்பத்திரியில கேட்டாத்தான் எடுப்பாங்க. கேளுங்க. ரெண்டாவது, கிணத்துத் தண்ணியை மட்டும் காட்டினா எங்கேருந்து வந்துச்சோன்னு கையை விரிச்சுடுவாங்க. குழியில இருந்து தண்ணி வேணும். அதைத் திறக்கற சாவி அண்ணன்கிட்ட இருக்கு. எடுத்தா அவரு வேலைக்கு ஆபத்துன்னு எனக்குத் தெரியும். எடுங்கன்னு நான் சொல்லல. வேணும்னு மட்டும் சொல்றேன்.

கிணத்துத் தொட்டியில பாதியை எடுத்து வேற தண்ணிக்கு மாத்தி, கொஞ்சம் அயோடின் சேத்திருக்கேன். என்ன ஆகுதுன்னு பாக்கணும்.

தவளைக்காரி

அக்டோபர் 24

தவளைக்காரிக்கு,

அத்தையாயிட்டே. பொண்ணு. போன்ல உன் அண்ணன் சொன்னது போதும்னு எனக்குத் தோணல, "பொறந்துருச்சு, நல்லா இருக்கு"ன்னு ரெண்டே வார்த்தை சொல்லி வச்சுட்டாரு. அவரு உன்கிட்ட பேசினதே பெரிசு.

நல்ல எடை. கன்னம் ரெண்டும் தொங்குது. கை, கால், விரலு எல்லாம் எண்ணிப் பார்த்தேன், சரியா இருக்கு. உன் தொட்டி கனவுல வந்து என்னைப் படுத்தின பாடு கொஞ்சமா? இப்போ நிம்மதி.

சமத்துன்னா அப்படி ஒரு சமத்து. அழவே மாட்டேங்குது. பால் குடிக்கும்போதே தூங்கிடுது, நான்தான் எழுப்பி எழுப்பிக் குடுக்கணும். தெருவுல பாக்க வந்தவங்க எல்லாம், இப்படி ஒரு குழந்தை கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்னு சொல்றாங்க. பக்கத்து வீட்டம்மாவும் வந்தாங்க, கோவத்தை மறந்துட்டாங்க. பன்னெண்டு நாளாகியும் கண்ணு கொஞ்சம் மஞ்சளா இருக்கு. வெயில்ல காட்டினா சரியாயிடும்னாங்க, காட்டறேன்.

ரத்தம் எடுக்கறதை மறக்கல. கேட்டேன். எடுக்கறவங்க அன்னைக்கு லீவு, குழந்தை நல்லாத்தானே இருக்கு, அடுத்த மாசம் ஊசி போட வரும்போது பாத்துக்கலாம்னு நர்ஸ் சொன்னாங்க. எனக்கும் அந்தப் பிஞ்சுக் குதிகால்ல குத்த மனசு வரல.

எப்போ வர்றே?

அண்ணி

அக்டோபர் 26

அண்ணி,

அழாதது சமத்து இல்ல. தூங்கிக்கிட்டே பால் குடிக்கறதும், இத்தனை நாளாகியும் மஞ்சள் போகாததும் நல்லதுக்கு இல்ல.

வண்டிக்காரரை நிக்க வச்சிருக்கேன். படிச்ச கையோட குழந்தையைத் தூக்கிட்டு அவரு வண்டியிலயே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. அங்க எனக்குத் தெரிஞ்ச குழந்தை டாக்டர்கிட்ட பேசிட்டேன், காத்திருக்காரு. நான் பஸ்ல நேரா அங்க வந்துடறேன். அண்ணனையும் வரச் சொல்லுங்க. பாலு போனாப் போகட்டும்.

நவம்பர் 28

தவளைக்காரிக்கு,

நீ ஊருக்குத் திரும்பிப் போனதுல இருந்து எழுதணும்னு இருக்கேன், கை ஒழியல.

பாப்பாவோட தைராய்டு மாத்திரையைப் பொடி பண்ணி, ஸ்பூன்ல பால் கலந்து காலையில குடுக்கறேன். அதை உன் அண்ணன்தான் பொடி பண்றாரு, எனக்கு விடறதில்ல. நேத்து டாக்டர் ரத்தம் பார்த்துட்டு அளவு ஏறுதுன்னாரு. ஆரம்பத்துலயே பிடிச்சதால மூளைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நம்பலாம், ரெண்டு மூணு வயசு வரைக்கும் பாத்துக்கிட்டே இருக்கணும்னாரு. கிணத்துத் தண்ணியாலதானான்னு கேட்டேன். அப்படியும் இருக்கலாம், தானா வர்றதும் உண்டு, என்னால எழுதித் தர முடியாதுன்னாரு. நீயும் அதையேதான் சொன்னே. தண்ணி மாத்தின தொட்டியில கால் முளைச்சிருச்சு, தவளைக்கு எழுதித் தர முடியும், குழந்தைக்கு முடியாதுன்னு. எனக்கு அது கேக்கக் கேக்க எரிச்சலா வருது, ஆனா நீ பொய் சொல்லலன்னு தெரியுது.

நீ கிளம்பின மறுநாளே உன் அண்ணன் குழியைத் திறந்துட்டாரு. ரெண்டு பாட்டில் எடுத்து, ஒண்ணை அதிகாரிங்க ஆபீஸ்ல குடுத்து ரசீது வாங்கிட்டாரு. எங்கேருந்து எடுத்தீங்க, யாரு எடுத்தான்னு கேட்டாங்களாம். நானேதான் வெட்டினேன், நானேதான் எடுத்தேன்னு சொல்லியிருக்காரு. இன்னொண்ணு இந்த வண்டியில உனக்கு வருது. அவரை இப்போ வேலைக்கு வர வேண்டாம்னு சொல்லிட்டாங்க. நாள் பூரா வீட்டுல என் கால்ல இடறிக்கிட்டே இருக்காரு. குழியை மூடறவரைக்கும் விடறதா இல்லைன்னு வீறாப்பாப் பேசறாரு, அப்புறம் போய்ப் படுத்துக்கறாரு. நான் மறுபடி தைக்கற ஆர்டர் பிடிக்க ஆரம்பிச்சுட்டேன்.

தெருவுல ஆறு வீட்டுக் குழந்தைங்களுக்கு ரத்தம் பாக்க ஏற்பாடு பண்ணியிருக்கேன். பக்கத்து வீட்டம்மா மருமக மாசமா இருக்கா, அவளையும் கூட்டிட்டுப் போறேன்.

ஒரு விஷயம் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். நேத்து சாயங்காலம் நான் தச்சுக்கிட்டிருந்தேன், உன் அண்ணன் துணி மடிச்சுக்கிட்டிருந்தாரு. திடீர்னு பாப்பா அழுதா. இதுவரைக்கும் அழுத மாதிரி பூனைக்குட்டி முனகல் இல்ல. காலை உதைச்சு, மூஞ்சியெல்லாம் செவந்து, கூரை பிச்சுக்கற அழுகை. பசி. பக்கத்து வீட்டம்மா ஓடி வந்து, "என்னாச்சு புள்ளைக்கு, ஏன் இப்படி விட்டுட்டு உக்காந்திருக்கீங்க"ன்னு கேட்டாங்க. உன் அண்ணன் தூக்க எழுந்தாரு. நான் அவரு கையைப் பிடிச்சு உக்கார வச்சேன். கொஞ்சம் இருங்க, கேக்கலாம்னேன்.

அண்ணி